ஐடிஸ் என்றால் வீக்கம், ஓமா என்றால் கட்டி

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். இன்னும் சாப்பிடாதவர்கள் முதலில் சாப்பிட்டுவிடுங்கள். படித்தபின் சிலருக்குச் சோறு இறங்காமல் போகலாம். 

அக்கா மேலூருக்கு அந்தப் பக்கம் நெல் விளையும் ஊரொன்றில் பிறந்தார். தினமும் பஸ் ஏறிப்போய்ப் பன்னிரண்டாவது வரை படித்தார். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவர் இங்கிலீஷில் மட்டும் தவறிவிட்டார். திரும்ப எழுதுகிறேன் என்று கெஞ்சியதற்கு அப்பா, "பெயிலான புள்ளைக்கு என்ன படிப்பு? மாப்பிள்ளை பாத்தாச்சு" என்று முடித்துவிட்டார். கல்யாணமான மூன்றாம் வருடம் லாரி மோதி அத்தான் இறந்துபோனார். பிள்ளை இல்லை. கே.கே. நகரில் என் வீட்டுக்கு அக்கா ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு நம் குடும்பத்துக் கல்யாணங்களில் அக்காவுக்கு இடம் அடுப்படிக்குப் பக்கத்தில்தான். "மேடைக்கு முன்னால வந்து நிக்காதத்தா" என்று பெரிய மாமா ஒருமுறை நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அன்று அத்தனை பேருக்கும் காய் நறுக்கியது அக்காவின் கைதான். அந்தக் கை நறுக்கிய காயை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. மாமா இரண்டாம் முறை கூட்டு கேட்டு வாங்கியதை நான் பார்த்தேன். நானும் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் அக்கா ரிசப்ஷனில் சேர்ந்தார். டோக்கன் கொடுப்பது, லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளை ஃபைலில் சேர்ப்பது அவர் வேலை. சீட்டில் உள்ள இங்கிலீஷ் பெயரைப் பார்த்தே பாதி உயிர் போனவர்களாக ஜனங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஒரு நீள நோட்டு வாங்கினார். ஒரே எழுத்துகளில் முடியும் வார்த்தைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதத் தொடங்கினார். எழுத்து ஒன்றாக இருந்தால் அர்த்தத்திலும் ஒட்டுறவு இருக்கிறது என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். டான்சிலைடிஸ், ஆர்த்ரைடிஸ், கேஸ்ட்ரைடிஸ்: ஐடிஸ் என்று முடிந்தால் வீக்கம். மயால்ஜியா, நியூரால்ஜியா என்றால் வலி. எண்டோஸ்கோபி, லேப்ராஸ்கோபி என்றால் உள்ளே விட்டுப் பார்ப்பது. எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார். இங்கிலீஷில் தவறியவர் என்று நம் வீட்டில் கேலி பேசியவர்கள் யாரும் அந்த நோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் போயிருந்தபோது மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கையில் சீட்டோடு அழுதுகொண்டிருந்தார்.

"ஆர்த்ரைடிஸாம்ல தாயி, பொழைச்சுக்குவேனா?"

"அண்ணே, கடைசில ஐடிஸ்னு வந்தா வீக்கம்ணே. முட்டியில வீக்கம், அம்புட்டுத்தான். போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் போனபின் நான் கேட்டேன், "கெட்டதா வந்தா என்னக்கா சொல்லுவ?"

"ஓமான்னு முடிஞ்சா கட்டிடா. நல்ல கட்டியும் உண்டு, கெட்ட கட்டியும் உண்டு. எதுன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கங்கன்னு சொல்லுவேன். நோவு யாருக்கு வந்துருக்கோ அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும். மறைக்கிறது பாவம்டா."

இதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு மறதி கிடையாது.

போன மழைக்கு முந்தின மழைக்காலத்தில் அக்காவுக்குச் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா என்னையும் பெரிய மாமாவையும் உள்ளே கூப்பிட்டார். அடினோகார்சினோமா. வயிற்றுப் புற்று. பரவிவிட்டது, இனி வலியைத்தான் குறைக்கலாம் என்றார். "எங்ககிட்டயே வேலை பாக்குறவங்க, நானே பக்குவமா சொல்றேன்" என்றும் சொன்னார்.

"வேணாங்கம்மா. பொம்பளப்புள்ள, தாங்காது" என்றார் மாமா. மேடைக்கு முன்னால் அக்காவை நிற்கவிடாத நாக்கு அது. நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் மாமா, "நீயே ஏதாச்சும் சின்ன வியாதியாப் பாத்துச் சொல்லு மாப்ள" என்றார். நான் பார்த்தேன். எங்கிருந்து தெரியுமா? அக்காவின் நோட்டிலிருந்து. ஐடிஸ் பக்கத்தைப் புரட்டி, வயிற்றுக்குப் பொருத்தமாக கேஸ்ட்ரைடிஸை எடுத்தேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ல அவர் சேர்த்துவைத்த வார்த்தையை அவரை ஏமாற்றப் பயன்படுத்தினேன். இதை நினைக்கும்போது என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மாமா சொல்லி உங்களுக்கும் தெரிந்துபோனது; பிறகு ஏழு மாதம் நாம் எல்லோரும் நடித்தோம். ஆப்பிள் பையோடு வந்தவர்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. "ஒட்டிக்குமாமே" என்று வாசலில் குசுகுசுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெரிய மாமா என் வீட்டுக் காபியைத் தொடவில்லை. ஆனால் இறந்த அன்று தெருமுனையில் அவர் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் அக்கா படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்தது. த்தூ.

இடையில் ஒரு சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சுவரில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, டாக்டரம்மா வேற எதுவும் சொன்னாங்களா?"

"இல்லக்கா. ஐடிஸ்தான். வீக்கம்."

"சரிடா" என்றார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி வாரம், கஞ்சியும் இறங்காமல் படுத்திருந்தபோது இன்னொரு முறை கேட்டார்: "எங்கிட்ட எதுவும் சொல்லணுமாடா?" ஒன்றுமில்லக்கா, ரெண்டு வாய் குடி என்று கரண்டியை நீட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் பெட்டியை எடுத்தபோது நோட்டு கிடைத்தது. ஓமா பக்கத்தைத் திறந்தேன். லைப்போமா, கொழுப்புக் கட்டி, பயமில்லை. அதற்குக் கீழே சில வார்த்தைகள். கடைசி வரியில் அடினோகார்சினோமா. தேதி, ரிப்போர்ட் வந்த அதே நாள். லேபிலிருந்து வரும் கவர் எதுவானாலும் முதலில் அக்காவின் மேசைக்குத்தான் வரும் என்பதை மாமாவும் நானும், இத்தனை புத்திசாலிகள், யோசிக்கவே இல்லை. எங்களுக்கு முன்பே அவர் படித்துவிட்டார். எங்களை உள்ளே அனுப்பியதே அவர்தான்.

இந்த ஒரு வருடத்தில் அந்தப் பக்கத்தை யாருக்கும் நான் காட்டவில்லை. இன்று நோட்டு முழுவதையும் இந்த மலரின் பின்பகுதியில் அச்சிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சீட்டு வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததை அவரிடமே சொல்லுங்கள்.

அக்காவின் வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்த கிளினிக் நர்ஸ் தங்கைக்கும், தூக்கி உட்காரவைத்துக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணனுக்கும், கடைசிவரை வலிக்கு மருந்து தந்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் நன்றி. வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

நோட்டில் அந்தக் கடைசி வரிக்கு எதிரே அக்கா எழுதியிருந்த அர்த்தம் இது: "கெட்ட கட்டி. தம்பி ஐடிஸ் என்கிறான். அவன் வாயால் சொல்லட்டும் என்று இருக்கிறேன்."

அக்கா, உனக்கு வந்தது ஐடிஸ் இல்லை. ஓமா.