பஸ்ஸில் தொடர்ந்த விவாதம்

சண்முகப்ரியா விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்துக்கும் அந்த வேலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் ராஜாங்கம் இவள் பெயரை எழுதி அனுப்பினால்தான் வேலை உண்டு. கணவன் நந்தகுமார் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் சூளை அணைந்த நாளிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது இவளை நம்பித்தான்.

நோட்ஸ் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று இவள்தான் குழு விவாதத்தைக் கொண்டுவந்தாள். மணி அடித்ததும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள் என்பதால் குழுக்களையும் பஸ் வாரியாகவே பிரித்தாள். சேத்தியாத்தோப்பு பஸ் ஒரு குழு, கம்மாபுரம் பஸ் ஒரு குழு. விட்ட இடத்திலிருந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு போகலாம் அல்லவா? பேசினார்கள். கடைசி பெஞ்சுகூட வாயைத் திறந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த வாரத் தலைப்பு, சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கலாமா என்பது. கம்மாபுரம் குழுவில் அத்தனை பேரும் கூடாது என்றார்கள். எதிர்ப்பேச்சு இல்லாமல் என்ன விவாதம்? பிரபாவைக் கூப்பிட்டு, "நீ மட்டும் குடுக்கலாம்னு பேசும்மா" என்றாள். பிரபா கெட்டிக்காரி. அன்று மாலை பஸ்ஸில் நின்றபடியே வெளுத்து வாங்கிவிட்டாள். அது விவாதம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். முன்சீட்டில் இருந்த ஊர்க்காரர்களுக்கு யார் சொன்னது?

மறுநாள் காலை பிரபாவின் அப்பா அர்ச்சுனன் மகளோடு ராஜாங்கத்தின் அறையில் நின்றார். சண்முகப்ரியாவையும் அங்கே கூப்பிட்டிருந்தார்கள். நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் அவர்.

"அர்ச்சுனன் வூட்ல பேரம் முடிஞ்சிபோச்சான்னு ஊரே கேக்குதுங்க. இவளா பேசியிருந்தா படிச்சது போதும், வூட்டோட கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க மேடம். நீங்க பேசச் சொன்னீங்களா?"

"நம்ம டிபார்ட்மெண்ட்ல யாரும் அப்படியெல்லாம் பேசச் சொல்றதில்லீங்க" என்றார் ராஜாங்கம். பேச்சு அர்ச்சுனனிடம், பார்வை சண்முகப்ரியாவிடம்.

ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"குழு விவாதம்னா பசங்க அவங்களாத்தான் பேசுவாங்க."

பிரபா அவளைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "நானாதாம்பா பேசினேன்" என்றாள். இந்த செமஸ்டரோடு மகளை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டு அர்ச்சுனன் போனார். அவர் படி இறங்கியதும், "இனிமே நோட்ஸ் போதும்மா" என்றார் ராஜாங்கம். சண்முகப்ரியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதோடு வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து எழுதினார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல, கம்மாபுரத்துப் பிள்ளைகள் பிரபாவின் பெஞ்சில் உட்காரவில்லை.

"வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த மாற்று" என்று சொல்லிக்கொண்டு வந்தாள் சண்முகப்ரியா.

பிரபா எழுந்தாள். குரலில் கோபமே இல்லை.

"மேடம், ஒரு உதாரணம் சொல்லுங்க."

சண்முகப்ரியா புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். உதாரணம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதைப் படிக்காமல் புத்தகத்தை மூடினாள்.