உப்பில்லாத பாண்

“…அதோட அக்கா, இண்டைக்கு மட்டும் அந்தச் சம்பல் போத்திலைக் கொண்டு வந்திடாதேங்கோ. இத்தாலிக்காரர் பார்த்தால் சிரிப்பினம். சும்மா கதிரையில இருந்து, தாறதைச் சாப்பிடுங்கோ!”

போன வருடம், மெல்பேர்னில் குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தோழி தொலைபேசியில் சிரித்துச் சிரித்து இப்படிச் சொன்னாள். டார்னெய்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால், மலையடிவாரத்தில் ஓர் இத்தாலியக் குடும்பம் நடத்தும் பண்ணை வீட்டு உணவகம் வரும். அதற்குச் சொந்தமாகவே ஒரு பேக்கரி. அங்கே பாண் போடுகிறவள் அவள். அந்த மாதம்தான் பேக்கரியின் முழுப் பொறுப்பையும் அவளிடம் கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கும் என் கணவருக்கும் மதிய விருந்து.

சொன்னது பகிடிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கே சாப்பிடப் போனாலும் நான் கூடவே கொண்டுபோகிற அந்த உறைப்புச் சம்பல் போத்திலை, வீம்புக்கென்றே துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பொறாமையை மறைத்துவிட்டு இதை எழுதிப் பயனில்லை. படகில் வந்து, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவள் அவள். நான் வேலை செய்த பாண் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பாணைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மாப் பிசையவே தெரியாது. மீன் பணிஸுக்கு மா எப்படிக் கைக்குள் இளகி வரவேண்டும் என்று என் குசினியில் வைத்துக் காட்டிக்கொடுத்தவள் நான். இந்த உணவகத்தில் ஆள் தேவை என்று அறிந்ததும், “ரெண்டு பேருமாப் போய்க் கேப்பமே அக்கா?” என்றாள். “அவ்வளவு தூரம் ஆர் போறது? அவை எங்களை எடுப்பினமே?” என்று தட்டிக்கழித்தவளும் நான்தான். அவள் தனியே போனாள். அன்றிலிருந்து யார் அவளைப் புகழ்ந்தாலும், ‘நான் பழக்கின பிள்ளை’ என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

உணவகத்தில் கல்லுச் சுவர், நீள நீளமான மர மேசைகள். பின்பக்கம் விறகு எரியும் போறணை. அதன் முன்னால் வெள்ளை ஏப்ரனோடு நின்று, நீண்ட மரத் துடுப்பால் பாணை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள் என் தோழி. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஏப்ரன் என் இடுப்பில் இருந்திருக்க வேண்டியது என்று நினைத்தபடி நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவளே பாணை அறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். என் கணவர் ஒரு துண்டை மொறுமொறுவென்று கடித்தார். “இஞ்சேரும், இதுதானப்பா பாண்! இவ்வளவு நாளும் நாங்கள் என்னத்தைச் சாப்பிட்டனாங்கள்?”

பதினெட்டு வருடமாக அவருக்கு வீட்டில் பாண் சுட்டுக் கொடுக்கிறவள் நான்.

நானும் கடித்துப் பார்த்தேன். உப்பில்லை. துளிகூட இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் துள்ளலாக இருந்தது.

“உப்புப் போட மறந்திட்டாய் பிள்ளை. பொறுப்புக் கிடைச்ச உடனே கை தடுமாறுது போல!” பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

அவளுடைய முகம் வாடிப்போனது. அந்த நேரம் பார்த்து, உணவகத்துக்காரியான வயதான இத்தாலிய அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். தமிழ் விளங்காமல், நான் என்ன சொல்கிறேன் என்று அவளிடம் கேட்டார். உள்ளதை அவள் அப்படியே சொன்னால், பதினொரு வருட உறவு அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு மாப் பிசையப் பழக்கியவர் இவர்தான், வாயில் வைத்ததுமே உப்பில்லை என்று பிடித்துவிட்டார்.”

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பாவின் ஊரில் பாணுக்கு உப்பே போடுவதில்லையாம். கூடச் சாப்பிடுகிற இறைச்சியிலும் சீஸிலும் போதும் போதும் என்று உப்பு இருக்கிறதாம். “இவளும் முதல் நாள் உப்பைப் போட்டு, ஒரு போறணைப் பாணையும் கெடுத்தவள்தான்” என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. “நான் வேணுமெண்டுதான் சொன்னனான்” என்றேன், மெதுவாக.

“தெரியும் அக்கா” என்றாள்.

இப்போதும் மற்றவரில் ஒரு குறை கண்டு என் மனம் துள்ளும்போதெல்லாம், அந்தத் “தெரியும் அக்கா” காதில் விழும், வாயை மூடிக்கொள்வேன்.

அன்று அதைச் சொல்லிவிட்டு, அவள் என் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கேட்காமலே என் கைப்பையைத் திறந்து, துணிச் சுற்றைப் பிரித்து, சம்பல் போத்திலை மேசை நடுவில் வைத்தாள். உப்பில்லாத பாணில் அதைத் தடிப்பாகப் பூசி, ஒரு கடி கடித்து, கண் கலங்கும் உறைப்போடு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.