பகலில் மட்டும் ஏறிய எண்

எங்கள் ஹாலில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிதான், ஆனால் கைப்பிடி கிடையாது. தொண்ணூறு பேர் உள்ளே உட்கார்ந்து காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை போனில் பேசிக்கொண்டே இருப்போம். துணி துவைக்கும் மிஷின் வாங்கியவர்கள் திட்டுவார்கள். நாங்கள் "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்போம். தொண்ணூறு வாய்க்கும் ஒரே காற்று. ஒருவருக்குத் திங்களன்று இருமல் வந்தால் வெள்ளிக்குள் பத்து நாற்காலி காலியாகிவிடும். பருவம் மாறுகிறது, அதனால்தான் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பருவம் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்ற தைரியம்தான்.

இதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் கட்டடத்து ஏசி மெக்கானிக். பதினாறு வயதில் பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனவர். இப்போது ஐம்பத்து நான்கு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். மொட்டைமாடியில் மோட்டாரின் பெல்ட் தளர்ந்தால் கீழே டீ குடித்துக்கொண்டே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஜன்னல்'. பஸ்ஸில் ஏறினால் முதலில் ஜன்னலைத் திறப்பார். மச்சினன் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் திறப்பார். அவர் மனைவியே என்னிடம் ஒருமுறை, "இவரைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து எனக்கு வேர்த்ததே இல்லம்மா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த மனைவிக்குத்தான் புற்றுநோய் வந்தது. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். நான்கு முடிந்திருந்தன, கட்டி சுருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மருந்து ஏறியபின் உடம்பில் எதிர்க்கும் சக்தி சுத்தமாக வற்றிவிடும். வீட்டுக்குள் ஒரு சளிக்காய்ச்சல் நுழைந்தால்கூட அடுத்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியம் ஆபீஸ் இன்சூரன்ஸில் ஓடியதால் மெக்கானிக் அண்ணனால் வேலையை விடவும் முடியாது. எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். நாங்கள் இருமியதை மூக்கில் சுமந்துகொண்டு போகக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த வருஷ இருமல் ஆரம்பித்ததும் மேனேஜர் களத்தில் இறங்கினார். மேஜைக்கு மேஜை கை கழுவும் மருந்து பாட்டில். தரையை மூன்று வேளை துடைக்க ஆள். ஒவ்வொருவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு. இருந்த கொஞ்சக் காற்றோட்டமும் அதில் முட்டி நின்றது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கு எங்கள் மேனேஜரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"சார், கை கழுவுறது நல்லதுதான். ஆனா இது மேஜையிலயா உக்காந்திருக்கு? காத்துல மிதக்குது சார்" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் மேலிடத்துல பாத்துப்பாங்க. நீங்க கூலிங் மட்டும் பாருங்க" என்றார் மேனேஜர்.

மறுநாள் அண்ணன் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து தூணில் மாட்டினார். நாம் வெளியே விடும் மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். வெளியே தெருவில் நானூற்றிச் சொச்சம். எங்கள் ஹாலில் பதினோரு மணிக்கு இரண்டாயிரத்து நூறு.

"அப்படின்னா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க இழுக்குற இருபத்திச் சொச்சம் மூச்சுல ஒண்ணு, ஏற்கெனவே வேற ஒருத்தர் இழுத்து விட்டதும்மா."

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து நூறு என்ற எண்ணை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு அண்ணன் எத்தனை தடவை நடந்தார் என்று சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான்கு பக்கம் பில்டர் ஒட்டி மேலே விசிறி வைத்த பெட்டிகள் இரண்டைத் தன் கையால் செய்து கொண்டுவந்தார். காற்றை வடிகட்டும், நன்றாகவே வேலை செய்தது. போனில் உர்ரென்று கேட்கிறது என்று மேனேஜர் அவற்றை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். கடைசியில் ஒரே வாரத்தில் பதினான்கு பேர் லீவு போட்ட பிறகுதான் மொட்டைமாடிச் சாவி அண்ணன் கைக்கு வந்தது. ஹாலுக்கு வெளிக்காற்றை இழுத்து அனுப்பும் விசிறி ஒன்று அங்கே இருந்தது. அதன் கதவு துருப்பிடித்து மூடிக்கிடந்தது. எத்தனை வருஷமாகவோ! அவர் அதைத் திறந்து, சுத்தம் செய்து, புது பில்டர் போட்டு ஓட விட்டார். எங்கள் கூரையில் அதற்கென்றே கம்பி மூடி போட்டு இருந்த ஐந்து வாய்களிலும் காற்று வந்தது. எண் எண்ணூறுக்கு இறங்கியது. அன்று முதல்முறையாக அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஐந்து வாய்களில் ஒன்று என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

வெளிக்காற்று குளிர்ந்து உச்சந்தலையில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு சைனஸ் உண்டு. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பழைய காலண்டர் அட்டை ஒன்றை அளவாக வெட்டி, நாற்காலி மேல் ஏறி, கம்பி மூடிக்குப் பின்னால் செருகினேன். வெள்ளைப் பக்கம் கீழே பார்க்க வைத்ததால் வித்தியாசமே தெரியவில்லை. சாயங்காலம் பெருக்க வரும் அக்கா கூரையில் எதைப் பார்த்தாலும் பிய்த்துப் போட்டுவிடுவார்; அதனால் ஆறு மணிக்கு நானே உருவி டிராயரில் வைத்துக்கொள்வேன். காலையில் திரும்பச் செருகுவேன். ஐந்தில் ஒன்றுதானே என்று நினைத்தேன். மற்ற வாய்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் அதே வாரம் அதே மாதிரி அட்டை வெட்டி, அதே மாதிரி சாயங்காலம் உருவி வைத்து, அதே மாதிரி நினைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. எல்லோரும் பால் ஊற்றுவார்கள், நாம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன என்று ஊரே நினைத்த கதைதான். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் நாங்களும்.

எண் ஆயிரத்து எழுநூறுக்கு ஏறியது. அண்ணன் ஆறு மணிக்கு மேல் ஏணி போட்டு ஐந்து வாய்களையும் பார்த்தார். ஐந்திலும் காற்று அருமையாக வந்தது. மறுநாள் பகலில் மறுபடி ஆயிரத்து எழுநூறு. பெல்ட்டை மாற்றினார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார். பகலிலேயே ஏணி போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, போன் பேசும் நேரத்தில் ஏணி கூடாது என்றார் மேனேஜர். கூடவே, "உங்க மீட்டர்தான் கோளாறு" என்றும் ஒரு போடு போட்டார்.

அதனால் அவர் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க எங்கள் வரிசைகளுக்குள் நடக்க ஆரம்பித்தார். இருமுகிற எங்களுக்கு நடுவில், பக்கம் பக்கமாக, நான்கு நாள். என் சீட்டருகே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இங்க காத்து வருதாம்மா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் என் தலைக்கு மேலேயே மறைத்தேன்.

"வருதுண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கள் அவர் வரவில்லை. காய்ச்சல். தொண்டை கரகரத்த உடனேயே வீட்டைவிட்டுத் தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டாராம். அதற்குள் போக வேண்டியது போயிருந்தது. புதன்கிழமை அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாவது மருந்து நின்றது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு மாதத்தில் கட்டி என்ன செய்யும் என்று கேட்டதற்கு அவர் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தாராம். எங்கள் ஹாலிலிருந்துதான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

அந்த வாரம்தான் ஒரு பிற்பகல் கேன்டீனில் யாரோ "தலைல காத்து விழுது" என்று ஆரம்பிக்க, ஒவ்வொருவராக அட்டைக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னையும் சேர்த்து நான்கு பேர். மூன்று பேர் மேலும் ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாக என் மேல்.

பத்து நாள் கழித்து அண்ணன் வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆறு மணிக்கு மற்ற மூவரிடமும் வாங்கி நான்கு அட்டைகளையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தனை மணிக்கு வைப்பீங்க?"

"ஒன்பதரைக்குண்ணே."

நோட்டைப் புரட்டினார். தினமும் பத்து மணியிலிருந்து எண் ஏறியிருந்தது. "மூணு வாரமா மிஷினையே சந்தேகப்பட்டேன்" என்றார். பிறகு ஏணியை எடுத்துவந்து என் சீட்டுக்கு மேலே ஏறினார். கம்பி மூடிக்குள் காற்றைத் திருப்பிவிடும் தகடுகள் இருந்தன. பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, தகடுகளைச் சுவர்ப் பக்கம் சாய்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தலைல விழுதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே திருப்பி விட்டிருப்பேனேம்மா" என்றார்.

ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற வாக்கியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஏணியில் நின்றபடியே கீழே பார்த்துக் கேட்டார். "இப்ப வருதா?"

கையை உயர்த்திப் பார்த்தேன். சுவரோரமாகச் சில்லென்று காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

"வருதுண்ணே."

அவர் பையிலிருந்து ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை எடுத்து, அந்த வாயருகே பிடித்து, அது படபடப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.