என் குரலுக்கு மட்டும் அடங்கும் நாய்

என் மகள் கதை எழுதுகிறாள். வருங்காலத்தில் ஒரு பட்டாளம்; அதில் சிப்பாய்கள் எல்லாம் மிருகங்கள். ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, மண்டைக்குள் ஏதோ சில்லு வைத்து, சொன்னதை மட்டும் செய்கிற மாதிரி ஆக்கிவிடுகிறார்களாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அவள்தான் படித்துக் காட்டினாள்.

"இதென்ன கண்ணு அதிசயம்? சில்லு இல்லாமயே நான் அப்பவே செஞ்சவன்" என்றேன்.

பொய்யில்லை. தலைச்சோலை மலைச்சரிவில் கூலிக்குக் காப்பி பறித்தவன், அதே சரிவில் எஸ்டேட் வாங்கினேன். காவலுக்குக் கோம்பை நாயையும் அல்சேஷனையும் நானே ஜோடி சேர்த்து, பிறந்ததில் முரட்டுக் குட்டியாக எடுத்துப் பழக்கினேன். என் கையால் வைத்தால்தான் தின்னும். நான் கையைத் தூக்கினால் எதிரில் நிற்பவர்மேல் பாயும். "விடு" என்று நான் அதட்டினால்தான் விலகும். அதுவரை என்னை யாரும் நெருங்க முடியாது.

"நாய் வளத்தச் சொன்னா போலீசுக்காரன வளத்தி வெச்சிருக்கறீங்க" என்பாள் என் மனைவி. எனக்கு அது பாராட்டு.

ஒரு மிளகுப் பறிப்பின்போது, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து ஏணியோடு விழுந்தேன். விலா எலும்பு நொறுங்கிவிட்டது. அந்தச் சரிவில் கத்தினால் இந்தச் சரிவுக்குக் கேட்கும் என் குரல், வெறும் காற்றாகக்கூட வரவில்லை. நாய் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

ஓடி வந்த ஆட்களும் மனைவியும் எட்டவே நின்றார்கள்.

"கிட்டப் போனாக் கொரவளையப் புடிச்சிருமுங்கம்மா!"

"ஏனுங்க, அதப் போகச் சொல்லுங்க! கையவாச்சும் ஆட்டுங்க!" என்று மனைவி கதறினாள்.

கையைத் தூக்கினால் அவள்மேலேயே பாயும். கையை மண்ணோடு அழுத்தி வைத்துக்கொண்டேன்.

என் வாயில் ரத்தம் வந்ததைப் பார்த்ததும் ஆட்கள் கம்புகளோடு நெருங்கினார்கள். அடி விழ விழ அது பாய்ந்து தடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் திரும்பி என் வாயைப் பார்த்தது. உதட்டை அசைத்தேன். சத்தத்துக்குத்தான் பழக்கியிருந்தேன், உதட்டுக்கு அல்ல. அது எழ முடியாமல் சாய்ந்த பிறகுதான் என்னைத் தூக்கினார்கள். ஜீப்பில் ஏற்றும்போதும் அது என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது அதைப் புதைத்திருந்தார்கள்.

மகளின் கதையில் ஒரு மிருகம், தளபதி உத்தரவு போட்டும் கேட்காமல் திரும்பிக் காட்டுக்குள் நடந்துவிடுகிறது.

"மண்டைல சில்லு இருக்கயில எப்படிக் கண்ணு போச்சு?"

"அதுவா முடிவு பண்ணிப் போயிருச்சுங்கப்பா."

"அந்த எடத்த இன்னொருக்காப் படி சாமி" என்றேன்.