தாழம்பழம் ஊட்டிய மார்த்தா அக்கா

கச்சாலில் இருந்து வந்த கப்பல் போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கட்டப்பட்டதும், அதன் மாலுமித் தலைவரான சராங் நேராக என் டிக்கெட் கவுன்டருக்கு வந்தார். "பாய், உங்க மார்த்தா தீதி போயிட்டாங்க. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல" என்றார். அடக்கமும் முடிந்துவிட்டதாம். வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, என் மகள் ரேவதியின் பள்ளிக்குப் போனேன்.

மார்த்தா அக்கா நிக்கோபாரி இனத்தவர். கச்சால் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். எங்களுக்கு இரத்த உறவு இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்களைக் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். என் மனைவி செல்வி அப்படி வந்த குடும்பத்துப் பெண். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்களோடு பழகிப் பழகி மார்த்தா அக்காவுக்குத் தமிழ் வந்துவிட்டது. நடுநடுவே ஹிந்தி விழும். செல்விக்குக் கல்யாணம் ஆகும்வரை அவர்கள் இருவரும் பார்க்காத நாள் குறைவு என்பார்கள்.

சுனாமி வந்த அந்த டிசம்பரில் நான் போர்ட் பிளேயரில் வேலையில் இருந்தேன். செல்வி பத்து மாதக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, மார்த்தா அக்காவைப் பார்க்கக் கரைக்கு இறங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் வதந்திகள்தாம். கச்சாலே இல்லை என்றார் ஒருவர். பாதித் தீவு இருக்கிறது என்றார் இன்னொருவர். நிவாரணச் சாமான் ஏற்றிய கப்பலில் எனக்கு இடம் கிடைத்தபோது ஜனவரி பாதி போயிருந்தது.

தோட்டம் மேட்டில் இருந்ததால் லயங்கள் தப்பியிருந்தன. செல்வியின் அண்ணன் வாசலில் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மச்சான், தங்கச்சி கிடைக்கல. புள்ள இருக்கு. மேல மார்த்தாகிட்ட."

"ஏன் இங்க கொண்டுவரல?"

"கொண்டாந்தோமே! வாயத் தொறந்தாத்தானே? அழுது அழுது நீலம் பாரிச்சுப் போச்சு. திரும்பக் கொண்டுபோய் அவகிட்டயே உட்டுட்டோம்."

கிராமத்தில் எஞ்சியவர்கள் குன்றின்மேல் தார்ப்பாய் கட்டி இருந்தார்கள். மார்த்தா அக்காவை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். நல்ல உயரம், இடது கால் சற்றுக் குட்டை. அடுப்பில் வெட்டப்பட்ட எண்ணெய் டின் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் என் மகள் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"செல்வி வீட்டுக்காரனா? உட்காரு. பச்சா சாப்பிடட்டும். பேச்சு அப்புறம்" என்றார்.

டின்னில் வெந்தது தாழம்பழம். நாம் தாழையைப் பூவுக்காக மட்டுமே அறிந்தவர்கள். தலையில் சூடுவோம், பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைப்போம். பூப்பது ஆண்தாழை; காய்ப்பது பெண்தாழை. அந்தப் பெண்தாழையை நாம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நிக்கோபாரிகளுக்கு அதுதான் சோறு. பலாப்பழம்போல் உருண்ட காயைச் சுளை சுளையாக உடைத்து, இலை மூடி அவிப்பார்கள். வெந்த சுளையைச் சிப்பியால் சுரண்டினால் மஞ்சள் நிறத்தில் மாவு வரும்; நாரை நீக்கிப் பிசைந்து கட்டியாக உருட்டினால் பல நாள் கெடாது. கரையில் தென்னைகள் சாய்ந்து, வீடுகளில் இருந்த அரிசியெல்லாம் கடலோடு போன பிறகு, உள்காட்டில் நின்ற தாழைகள்தாம் அந்தக் குன்றின்மேல் இருந்தவர்களைக் காப்பாற்றின. மார்த்தா அக்கா மாவை இளநீரில் குழைத்து, விரல்நுனியால் ஊட்டினார். நான் கொண்டுபோயிருந்த டப்பா உணவை அதன் பிறகு முயன்று பார்த்தேன். ரேவதி துப்பிவிட்டாள்.

பிறகு அக்கா சொன்னார். பூமி ஆடி ஓய்ந்ததும் கடல் வற்றியிருக்கிறது. அவருடைய ஒரே மகன் படகுகளுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"என் காலு இப்படி. ஓட முடியாது. செல்வி பச்சாவ என் கையில குடுத்துட்டு அவனக் கூட்டிவர ஓடினா. நான் மேல ஏறினேன். ரெண்டு பேரும் வரல."

அவ்வளவுதான் சொன்னார். குரல் மாறவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கப்பல் கிளம்ப வேண்டிய அன்று, மகளை என்னோடு அனுப்பும்படி அக்காவிடம் கேட்டேன். அவர் அடுப்பை அணைத்தார். இருந்த மாவுக்கட்டிகளை இலையில் பொதிந்து என் முன்னே வைத்தார்.

"கூட்டிட்டுப் போ. உன் பொண்ணு. சோறு உடனே குடுக்காத. இதுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து குடு."

குழந்தையை என்னிடம் நீட்டினார். அவள் அவருடைய சட்டையை விடவில்லை. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் பிடித்துக்கொண்டது. அப்போதுதான், "அக்கா, நீங்களும் வாங்க" என்றேன். அவர் கிராமத் தலைவரைப் பார்த்தார். 'கேப்டன்' என்று அழைக்கப்படும் அந்தப் பெரியவர் தலையசைத்தார்.

போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் என் வாடகை வீட்டில் அடுத்த மழைக்காலம் வரை மார்த்தா அக்கா இருந்தார். மாவில் சோற்றைக் கலந்தார்; சோறு கூடியது, மாவு குறைந்தது. காய்ந்த தாழஞ்சுளையின் நார்முனையைத் தூரிகைபோல் வைத்துக்கொண்டு சன்னல் இடுக்கெல்லாம் துடைப்பார். முள் வகுந்த தாழையோலையில் ரேவதிக்கு ஒரு பாய் முடைந்தார். வேலிப்பக்கம் தாழங்கன்று ஒன்றை நட்டபோது வீட்டுக்கார அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஐயோ, தாழை வச்சா பாம்பு வரும்! புள்ள இருக்கிற வீடு!"

"பாம்பு உங்க விறகுக் குவியல்லயும் இருக்கு மாஜி. நேத்துதான் பாத்தேன்" என்றார் அக்கா. கன்று இருந்தது. விறகுக் குவியல் போய்விட்டது.

இங்கேயே இருந்துவிடச் சொன்னேன். மறுத்தார். "கச்சால்ல நிலம் தாழ்ந்துபோச்சு. கடல் உள்ள வந்துட்டே இருக்கு. கரையில தாழை வைக்கணும். அதோட வேர்தான் மண்ணைப் பிடிக்கும். வைக்கிறதுக்கு ஆள் இல்ல" என்றார். ரேவதி அப்போது சோறு தின்னப் பழகியிருந்தாள். புறப்பட்டுப் போனார். அதன் பிறகு கச்சால் கப்பல் ஒவ்வொன்றிலும் யாரிடமாவது ஒரு மாவுக்கட்டி வந்துகொண்டே இருந்தது. பள்ளி விடுமுறைகளில் ரேவதி மாமா வீட்டுக்கு என்று போய், அக்கா வீட்டில்தான் இருப்பாள். அவரை 'மார்த்தாம்மா' என்று அழைத்தாள்.

ஏழாம் வகுப்பு விடுமுறையில் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். திரும்பும் கப்பலில், கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சொன்னாள்.

"அப்பா, அம்மா தானா ஓடல. மார்த்தாம்மாதான் போகச் சொன்னாங்களாம். 'நான்தான் அனுப்பினேன், உனக்குத் தெரியணும்'னு சொன்னாங்க."

அத்தனை வருடங்கள் அக்கா என்னிடம் அதைச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. பன்னிரண்டு வயதுப் பெண் நேராகக் கேட்டபோது நேராகச் சொல்லியிருக்கிறார். அதனால் அவளை இழக்க நேரிடும் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல."

அந்த வருடம் முழுதும் ரேவதி கச்சால் பேச்சை எடுக்கவில்லை. வந்த மாவுக்கட்டிகளை நான் மட்டும் தின்றேன். அடுத்த விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கவுன்டருக்கு வந்து நின்றாள். "கச்சாலுக்கு ஒரு டிக்கெட் போடுங்கப்பா" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசாமலே கூட இருந்திருக்கலாம். திரும்பி வந்தபோது அவள் கை முழுக்க முள் கீறல்கள். கரையில் கன்று நட்டார்களாம்.

சராங் செய்தி சொன்ன அதே கப்பலில் நாங்கள் இருவரும் கச்சாலுக்குப் போனோம். மார்த்தா அக்காவுக்கான ஜெப ஆராதனை தகரக் கூரை போட்ட சிறிய சர்ச்சில் நடந்தது. நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதிரியார் அவருடைய குடும்பத்தாரை எழுந்து நிற்கச் சொன்னார். அக்காவின் தங்கையும் அவர் கணவரும் எழுந்தார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கவில்லை. தங்கை திரும்பிப் பார்த்து, "ரேவதி, ஆ பேட்டி" என்று ஹிந்தியில் மகளாக அழைத்துக் கையசைத்தார்.

என் மகள் எழுந்து முன்னே போனாள். அவள் போய்ச் சேரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகுதான் ஜெபம் தொடங்கியது. அவர்கள் மொழி எனக்குப் புரியாது. செல்வியின் பெயர் மட்டும் ஒருமுறை காதில் விழுந்தது.

மார்த்தா அக்கா, நிம்மதியாக உறங்குங்கள்.