பதினான்கு வீடு, பதினைந்து சுவர்

போன வியாழக்கிழமை காலை. கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று சுவருக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம். கண்ணாடி ஆடியது. கன்னத்தில் ஒரு கீறல்!

பாதிச் சோப்போடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வறீது மேஸ்திரி சுத்தியலால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாணு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஐம்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு.

"வீட்டைப் பொளிச்சு, அடியோட இடிச்சுக் கட்டப்போறேன்டா" என்றான், ஏதோ சாயா குடிக்கப் போகிறவன் மாதிரி. "கீழே சரக்கு வைக்கக் கோடவுன், மேலே நாங்க. எல்லாம் கான்கிரீட்."

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி கூரையை இறக்கிடணும். தானா விழறதைக் காட்டிலும் நாமே இறக்கறது நல்லதோன்னோ?"

மழைக்கு இன்னும் மூன்று வாரம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பதினான்கு வீடு, ஆனால் பதினைந்தே சுவர். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். நாணு வீட்டு உத்தரமும் என் வீட்டு உத்தரமும் அதே வெட்டுகல் சுவரில்தான் தலைவைத்துப் படுத்திருக்கின்றன. அவன் தன்னுடையதை உருவிக்கொண்டால்? ஓட்டைகளில் ஜூன் மாசத்து இடவப்பாதி மழை புகுந்தால்? சுண்ணாம்பு கரைந்தால்... என் கூரை எதன்மேல் நிற்கும்?

எனக்குப் பயம். அப்பட்டமான பயம். அன்றைக்கு மத்தியானம் சாதம் இறங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே உத்தரத்தைப் பார்த்தேன். "இலையைப் பாருங்கோ, ரசம் ஓடறது" என்றாள் என் மனைவி மங்களம்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்து நாலைந்து வருஷந்தான் ஆகிறது. அதற்குள் ஊருக்கு என்ன அவசரம்! துறைமுகத்தில் கப்பல் வரிசை கட்டுகிறது. இஞ்சியும் மிளகும் வைக்கக் கொச்சங்காடி மண்டிகளில் இடம் போதாமல் வியாபாரிகள் சந்து சந்தாக நுழைகிறார்கள். வளரட்டும் — யார் வேண்டாம் என்றது? என் சுவருக்கு அந்தப் பக்கம் வளரவேண்டுமா?

நல்லவேளை, எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பொதுச்சுவரில் கைவைக்க அண்டை வீட்டுச் சம்மதம் வேண்டும். கண்ணாடி மாட்ட ஆணி அடிப்பதற்கே என் அப்பா, நாணுவின் அப்பாவைக் கேட்டிருக்கிறார். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மீட்டிங் போட்டேன்.

தெருவே என் பக்கம்! "இது வெறும் கல்லா? நம்ம தெருவோட மானம்" என்றார் ஒருவர். "ஒரு வீடு போனா எல்லாம் போகும்" என்றார் இன்னொருவர். கைதட்டல் வேறு.

நாணு கடைசியில்தான் எழுந்தான்.

"மூத்தவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆறது. ரெண்டு அறை, எட்டுப் பேர். அவாளுக்குன்னு ஒரு மூலை இல்லை. மாட்டுப்பொண் பொறந்தாத்துக்குப் போயிட்டா, அறை ஆனப்பறம் வரேன்னு சொல்லி. கோடவுன் வாடகை இல்லாமே மாடி எடுக்க என்னால ஆகாது." என்னைப் பார்த்தான். "மத்தவா சொல்றதை விடு. நீ வேண்டாம்னு சொல்லு, நான் நிறுத்திடறேன்."

மண்டபத்தில் அத்தனை கண்ணும் என்மேல்.

"வேண்டாம் நாணு" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். செருப்பைக்கூட மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்ததா? இல்லை. ஆனால் அன்றைக்கு ரசம் இலையைவிட்டு ஓடவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வறீது மேஸ்திரி நாணு வீட்டிலிருந்த தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். என்னை வாசலில் கண்டதும் நின்றார்.

"சாமி பேடிக்கண்டா, பயப்படாதீங்க. நல்ல சுவரு. சூட்சிச்சு, கவனமா செஞ்சா ஒண்ணும் ஆகாது."

"நாணுவுக்குத்தான் வேலை நின்னுபோச்சே. உமக்கு நஷ்டம்" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். "எனக்கு எந்து நஷ்டம்? இந்தத் தெருவில ஒம்பது வீடு பொளிச்சுக் கட்ட அளந்தாச்சு சாமி."

"ஒம்பதா? யாரு?"

சொன்னார். விரல்விட்டுச் சொன்னார். மானம் பேசியவர், எல்லாம் போகும் என்று எச்சரித்தவர், முதல் வரிசையில் கைதட்டியவர்... எல்லாரும் இருந்தார்கள்.

"மழை கழியட்டும்னு இருக்காங்க. முதல்ல தொடங்க எல்லாருக்கும் நாணம். யாராவது தொடங்கினா சரின்னு காத்திருக்காங்க."

"அப்போ மீட்டிங்கில ஏன் அப்படி..."

"அது எனக்கறியில்லா." குரலைத் தாழ்த்தினார். "ஒரு காரியம் சாமி. முதல்ல பொளிக்கறவனுக்குப் பயமில்லை. கடைசி ஆளுதான் பாவம். அந்தப் பக்கமும் சுவரில்லை, இந்தப் பக்கமும் சுவரில்லை."

என் வீடு தெருவுக்கு நட்டநடுவில்.

ஒரு தெரு ஆசையால் மாறுகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆசை உள்ளவன் நாணு ஒருவன்தான். அவனும் கேட்டதற்கு நிறுத்திவிட்டான். மற்றவர்களுக்கெல்லாம் இருப்பது, கடைசி ஆளாகிவிடுவோமோ என்ற பயம். பயந்தவனை எந்த மீட்டிங் போட்டு நிறுத்துவது?

நாணு வீட்டுக்குப் போய், "கட்டுடா, மருமகளை அழைச்சுண்டு வா" என்று சொல்லியிருக்கவேண்டும். நாலு எட்டு நடந்தால் போதும். நடக்கவில்லை.

"மேஸ்திரி, உள்ள வாங்கோ... டேப் இருக்கா?" என்றேன்.

வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அளக்கச் சொன்னேன்.