மகளின் முழங்கையும் விமானத்தின் மூக்கும்

இதை எழுத மூன்று வருடமாகத் தயங்கினேன். எழுத்து சரியாக வராது என்பது ஒரு காரணம். தப்பு என்னுடையது என்பது பெரிய காரணம்.

என் மகள் விமானம் ஓட்டப் படித்தாள். கடைசிப் பயிற்சி, விமானத்தின் முன்பக்கம் போலவே செய்துவைத்த சிமுலேட்டரில். அதில் ஒரு தேர்வு தவறிவிட்டாள். மறுபடி தவறினால் பயிற்சியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். இடையில் இரண்டு நாள் லீவில் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். நடராஜர் சன்னதியில் நாலு வரி தேவாரம்கூட முழுதாக வரவில்லை. தீபாராதனை முடியுமுன்பே வெளியே வந்துவிட்டேன். அப்படி வந்ததே இல்லை.

வீடு திரும்பி, அவள் நெற்றியில் திருநீறு பூசிக் கேட்டேன்: "என்னதாம்மா தப்பு வருது?"

"ப்ளேன எறக்குறப்ப அதோட மூக்கு மேலயும் கீழயும் ஆடுதுப்பா. முழங்கைய சீட்டு கைப்பிடியில பதிச்சிக்கிட்டு மணிக்கட்ட மட்டும் லேசா அசைக்கணும். நான் கைய தூக்கியே வெச்சிருக்கேன். கையோட கனம் பூரா ப்ளேன ஓட்டுற ஸ்டிக்ல எறங்கிடுது."

"அப்ப பதிச்சிக்க வேண்டியதுதானே?"

"பக்கத்துல கேப்டன் உக்காந்திருக்காருப்பா. கை தானா உள்ள வந்துடுது. கைப்பிடிய நம்ம ஒயரத்துக்குத் தக்க ஏத்தி எறக்கிக்கலாம். அவுங்கள காக்க வெக்கக் கூடாதுன்னு அதையும் தொடறதில்ல."

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "பெரியவங்க எதிர்ல நாற்காலில கைய பரப்பாதன்னு சின்னதுலேர்ந்து அவ முழங்கைய தட்டினது யாராம்?"

மரியாதை என்றுதான் தட்டினேன்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டேன். ஒன்றில் நான் உட்கார்ந்து, "வைம்மா" என்றேன். வைத்தாள். நான் லேசாகச் செருமினேன். கை மடிக்கு ஓடிவிட்டது.

"கேப்டன் இருமிட்டாரு, எழுந்து நில்லுடி" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அன்று முழுக்க அப்படியே உட்கார்ந்தோம். திட்டினேன், செருமினேன், எழுந்து நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் நான் அதட்டியபோதும் அவள் முழங்கை அசையவில்லை.

தேர்வு நாளில் என் கடையில் நிற்க முடியாமல் தெருவுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"பாஸ்ப்பா. கேப்டன் கேள்வி கேட்டப்பக்கூட கைய எடுக்கல."

இதைப் படிப்பவர்கள் பெண் பிள்ளை வளர்க்கிறவர்களிடம் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். சாமி கையைப் பிடித்து வைத்தார் என்று சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, முழங்கையைத் தட்டியதை விட்டுவிடவும் வேண்டாம்.